நாளைக்காரரின் பச்சை உறைகள்

மண்டபத்தில் ஐந்நூறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் தொள்ளாயிரம் பேர். மீதிப் பேர் சுவரில் சாய்ந்தும், ஜன்னல் விளிம்பில் தொற்றிக்கொண்டும், ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டும் நின்றார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மற்ற நாளில் பேருந்து வரிசையில் யாராவது லேசாக இடித்தாலே மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டுகிறவர்கள் இவர்கள். இன்றைக்கு மட்டும் இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? நாளைக்கு எல்லாரும் பணக்காரர்கள் ஆகப்போகிறார்களே, அதனால் வந்தது.

மேடையில் இருந்தவருக்கு ஊர் வைத்திருந்த பெயர் நாளைக்காரர். தாடி இல்லை, சடை இல்லை, உருட்டுவதற்கு மணிமாலையும் இல்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை, நான்கு நிறத்தில் எழுதும் பேனா, ஒரு மடிக்கணினி. பின்னால் பெரிய திரையில் பங்குச் சந்தை ஏறி இறங்கிய கோடு ஒன்று விழுந்து எழுந்து போய்க்கொண்டிருந்தது. உள்ளங்கையில் கோடு பார்த்தால் மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போகும் படித்தவர்கள், திரையில் கோடு பார்த்ததும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து குறிப்பெடுத்தார்கள்.

"சந்தைக்கு ஒரு மூச்சு இருக்கு," என்றார் நாளைக்காரர். "அதை நான் கேக்கறேன். உங்களுக்குக் கேக்காது."

ஆகா என்றது கூட்டம். கேட்காத ஒன்றைக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வதில் அத்தனை பேருக்கும் அவ்வளவு பெருமை.

சும்மா சொல்லக்கூடாது, அவர் கையில் சாட்சி இருந்தது. மேடையில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்திருந்தார். ஆறு வாரங்களாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர்களுக்குப் பச்சை உறையில் ஒரு கடிதம் வந்தது. இந்த வாரம் சந்தை ஏறும், அல்லது இறங்கும். ஒரே வரி, தேதி, கையெழுத்து. காசு கேட்கவில்லை. ஆறு வாரமும் சொன்னது சொன்னபடி நடந்தது. பன்னிரண்டு பேரும் எழுந்து அதைச் சொன்னார்கள். ஒருவர் அழுதேவிட்டார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் வேடிக்கை.

கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு விதியும் இருந்தது. வாரம் முடியும்வரை கணிப்பை யாரிடமும் சொல்லக் கூடாது. பலர் வாயில் விழுந்தால் சந்தையின் காதுக்கு எட்டி அது மனதை மாற்றிக்கொள்ளும். நம்பிக்கை குறைந்தவர்களுக்கும் கணிப்பு பிசகும். இதைப் படித்த ஒரு கல்லூரி ஆசிரியர் ஆறு வாரமும் மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லையாம். சந்தைக்குக் காது இருக்கிறது என்பதை நம்பியவருக்கு, மனைவிக்கு வாய் இருக்கிறது என்பதில்தான் பயம்.

கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் நின்றுகொண்டிருந்தாள் தபால்காரி. அந்தப் பச்சை உறைகளில் ஒரு பங்கை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான். அவள் வேடிக்கை பார்க்க வரவில்லை. மேடையில் நான்காவதாக உட்கார்ந்திருந்தவர் அவளுடைய சொந்த அண்ணன்.

முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் வண்டியை விட்டு வீட்டோடு ஆகிவிட்டார். அப்பா கட்டிய வீடு. இருவர் பெயரிலும் இருந்தது. முன்பக்கத்தில் அண்ணனும் அண்ணியும், பின்பக்கத்து இரண்டு அறையில் தபால்காரி. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவளுக்கு அந்த இரண்டு அறையும் கொல்லையில் இருந்த குழாயும்தான் உலகத்தில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தவை.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணன் ஒரு காகிதத்தை மேசைமேல் விரித்தார்.

"வீட்டை வித்துடலாம்மா. ஆள் ரெடியா இருக்கான். அடுத்த ஞாயித்துக்கிழமை நாளைக்காரர்கிட்ட மொத்தமாக் கொடுத்துட்டா, ரெண்டு வருஷத்துல இதே மாதிரி மூணு வீடு. உனக்கு ஒண்ணு முழுசா. இங்க ஒரு கையெழுத்து போடு."

"மூணு வீடு வர்ற வரைக்கும் எங்க இருக்கறது?"

"வாடகைக்கு இருப்போம். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

அண்ணி சமையலறை வாசலில் நின்று தபால்காரியைப் பார்த்தாள். அவள் கண் 'போட்டுடாதே' என்றது. தன் புருஷனிடம் அதைச் சொல்லிப் பார்த்து அவள் ஏற்கெனவே தோற்றிருந்தாள்.

"அண்ணா, ஒருத்தர் சொன்னாருன்னு வீட்டையே விக்கறதா?"

"ஒரு தடவை பலிச்சா குருட்டு அதிர்ஷ்டம். ரெண்டு தடவைன்னாலும் போகட்டும். ஆறு தடவைம்மா! ஆறு! என்னைத் தேடி வந்து சொல்லியிருக்கார். ஊர்ல இத்தனை பேர் இருக்க, எனக்கு ஏன் எழுதணும்?" அண்ணனின் குரல் லேசாகக் கம்மியது. முப்பது வருடம் சுங்கச்சாவடியில் திட்டும் கிடங்கு வாசலில் காத்திருப்பும் தவிர வேறு மரியாதை எதையும் பார்க்காத மனிதரை யாரோ ஒரு பெரிய ஆள் தேர்ந்தெடுத்துவிட்டார். அதுதான் அவரை அடித்துப் போட்டிருந்தது. தபால்காரிக்கு அது புரிந்தது.

"ஒரு வாரம் யோசிக்கறேன்," என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஆறரைக்குத் தபால் நிலையத்தில் பிரிக்கும் மேசைமுன் நின்றாள். தெருவாரியாகச் சதுர அறைகள்; ஒவ்வொரு கடிதத்தையும் முகவரி பார்த்து அதனதன் அறையில் எறிய வேண்டும். கை பழகிவிட்டால் மனம் வேறு எதையாவது யோசிக்கலாம். அன்றைக்குப் பச்சை உறை ஒன்றுகூட இல்லை. ஏழாவது கடிதம் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று நாளைக்காரர் மேடையிலேயே சொல்லியிருந்தார்.

பையைத் தோளில் மாட்டியபோதுதான் அவளுக்குத் திக்கென்றது. பை இவ்வளவு லேசாக இருக்கிறதே!

ஆறு வாரத்துக்கு முன்னால், முதல் திங்கட்கிழமை, பையின் கொக்கி பூட்டாமல் மல்லுக்கட்டியது ஞாபகம் வந்தது. பச்சை உறை மட்டும் அவள் பகுதிக்கு இருநூற்றுப் பத்து. ரப்பர் பட்டை போதாமல் பக்கத்து மேசையில் கடன் வாங்கினாள். அடுத்த வாரம் நூற்றுமூன்று. அப்பாடா என்று இருந்தது. அதற்கடுத்த வாரம் ஐம்பத்தைந்து. பிறகு இருபத்தாறு, பதின்மூன்று. போன வாரம் ஆறே ஆறு. பட்டையே போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஒரு வியாபாரம் நொடித்துப் போனால் கடிதம் குறையும், சரி. இவருடைய வியாபாரமோ ஓகோ என்று ஓடுகிறது. ஓடுகிற வியாபாரத்தில் வாராவாரம் வாடிக்கைக்காரர்கள் பாதியாகப் போவார்களா?

மற்ற மூன்று பகுதிக்காரர்களிடம் கேட்டாள். "ஆமா, எனக்கும் அப்படித்தான். நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்," என்றார்கள் மூவரும். நால்வருடையதையும் கூட்டிப் பார்த்தால் முதல் வாரம் எண்ணூறு. கடைசி வாரம் இருபத்தைந்து.

அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது அவளுடைய தொழிலில் மன்னிப்பில்லாத குற்றம். யாருக்கு என்ன வந்தது என்று வெளியே சொல்வதும் அப்படித்தான். ஆனால் கடிதம் வாங்கியவரிடமே, 'உங்களுக்கு என்ன வந்துச்சு, சொல்ல இஷ்டமா?' என்று கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. முதல் வாரத்தோடு பச்சை உறை நின்றுபோன வீடுகள் அவளுக்குக் காலாலேயே தெரியும். சைக்கிளைக் கடிகாரக் கடை முன்னால் நிறுத்தினாள்.

கடைக்காரர் ஒரு கண்ணில் குழாய்க் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, பிரித்துப்போட்ட கைக்கடிகாரத்தின்மேல் குனிந்திருந்தார்.

"பச்சை உறையா? வந்துச்சே ஒண்ணு. ஏறும்னு போட்டிருந்தான். அந்த வாரம் சரிஞ்சுது பாரு ஒரு சரிவு! வெக்கப்பட்டு எழுதறதை நிறுத்திட்டான்னு நெனச்சேன். காகிதம் நல்ல கெட்டி. இதோ, ஸ்க்ரூ கொட்டி வச்சிருக்கேன்."

தபால்காரி கடிதத்தைப் பார்த்தாள். அதே தேதி, அதே கையெழுத்து. அண்ணனுக்கு அதே திங்கட்கிழமை வந்தது 'இறங்கும்'. அதை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

அன்று முழுவதும் கடிதம் கொடுத்த கையோடு கேட்டுக்கொண்டே போனாள். அழகு நிலையம் நடத்தும் அம்மாளுக்கு நான்கு வாரம் சரியாக வந்து ஐந்தாவது வாரம் கவிழ்ந்திருந்தது. "அவர் கணிப்பு தப்பாதும்மா. என் ராசி அப்படி. நம்பிக்கை கொஞ்சம் குறைஞ்சிடுச்சு, அதான்," என்று தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். பல் மருத்துவருக்கு மூன்றாவது வாரம் கணிப்பு பொய்த்தது. அதை நம்பித் தன்னிடம் வைத்தியத்துக்கு வந்த ஒருவரைப் பங்கு வாங்கச் சொல்லி, காசை விட்ட அந்த ஆள் இப்போது பல்வலியோடு வேறு மருத்துவரிடம் போகிறாராம். அதனால் வெளியே மூச்சு விடவில்லை. பலித்தவர்கள் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார்கள். பலிக்காதவர்கள் மானத்துக்குப் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். ஊருக்குக் கேட்டது தம்பட்டம் மட்டும்.

"ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு வாங்க. கடிதம் இருந்தா எடுத்துட்டு வாங்க. வேற எதுவும் பேச வேண்டாம்," என்று எல்லாரிடமும் சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனிடம் ஒருமுறை பேசிப் பார்த்தாள்.

"அண்ணா, நீ லாரி ஓட்டறப்ப மலைப்பாதை வளைவுல என்ன பண்ணுவே?"

"ஹாரன் அடிச்சுட்டு மெதுவாத் திரும்புவேன். அந்தப் பக்கம் என்ன வருதுன்னு யாருக்குத் தெரியும்?"

"அந்தப் பக்கம் காலியா இருக்கு, நான் பாத்துட்டேன்னு முன்சீட்டுல ஒருத்தன் உக்காந்து சொன்னா?"

"கீழ இறக்கி விட்டுருவேன்."

சொன்ன பிறகுதான் கேள்வி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. "அது வேற, இது வேற," என்று எழுந்து போய்விட்டார். அதுவும் இதுவும் வேறாக இருந்தால்தானே தேவலை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இன்னும் பெருத்திருந்தது. மேடைமுன் ஒரு மேசை. அதில் ஒப்பந்தப் படிவங்கள். மேடையில் திரைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. அண்ணன் வீட்டுக் காகிதத்தோடும் சட்டம் போட்ட கடிதத்தோடும் வரிசையில் முதல் ஆளாக நின்றார். பக்கத்தில் தபால்காரி.

நாளைக்காரர் பேனாவை நீட்டினார். நீல நிறம் வெளியே வந்திருந்தது.

"போடறேன் சார்," என்றாள் அவள். "ஒரே ஒரு விஷயம். அடுத்த வாரம் ஏறுமா இறங்குமா? அந்தப் பலகையில எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதிடுங்க. எழுதினதும் போட்டுடறேன்."

நாளைக்காரர் தாயன்போடு சிரித்தார். "இத்தனை பேர் முன்னாடி எழுதினா சந்தைக்குக் கேட்டுடும்மா."

கூட்டம் 'அதானே' என்றது. பின்வரிசையில் ஒருவர், "தபால்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று அனுதாபப்பட்டார்.

"சரி, வரப்போற வாரம் வேண்டாம். முடிஞ்சு போன வாரத்தைச் சொன்னா சந்தை கோவிச்சுக்காதே? முதல் வாரம் நீங்க என்ன சொன்னீங்க?"

"இறங்கும்னு சொன்னேன். இறங்கிச்சு."

மேடையில் பதினோரு தலைகளும், வரிசையில் அண்ணன் தலையும் ஆடின.

"முதல் வாரத்துக் கடிதம் கையில இருக்கறவங்க கொஞ்சம் மேல வாங்க," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தாள். இடது பக்கம் 'ஏறும்'. வலது பக்கம் 'இறங்கும்'. "உங்க கடிதத்துல என்ன இருக்கோ அந்தப் பக்கம் ஒட்டுங்க."

நாளைக்காரர், "கூட்டத்துல குழப்பம் பண்ணாதீங்க," என்று எழுந்தார். ஆனால் அண்ணன் தன் கடிதத்தைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு போய் வலது பக்கம் சாய்த்து வைத்துவிட்டார். தங்கை தோற்பதைக் கண்ணால் பார்க்க அவருக்கு அவ்வளவு அவசரம். மீதிப் பதினோரு பேரும் பெருமையாக ஒட்டினார்கள்.

அப்போது கடிகாரக் கடைக்காரர் எழுந்தார். ஸ்க்ரூ குத்திய ஓட்டைகளோடு அவருடைய கடிதம் இடது பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு தையல் கடைக்காரர்; பிறகு ஓய்வுபெற்ற நூலகர்; பிறகு வரிசையாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒன்றில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதியிருந்தது. ஒன்றில் குழந்தை யானை வரைந்திருந்தது. எல்லாவற்றிலும் தேதி ஒன்று, கையெழுத்து ஒன்று. இடது பக்கம் இடம் போதாமல் சுவரில் ஒட்ட ஆரம்பித்தார்கள்.

முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று இடது பக்கத்தை எண்ண ஆரம்பித்தார்கள்.

"அச்சுப் பிழை," என்றார் நாளைக்காரர்.

"எங்க நாப்பது பேருக்குமா?" என்றார் கடிகாரக் கடைக்காரர்.

முதலில் ஒரே ஒருவர் சிரித்தார். பிறகு அது தொற்றிக்கொண்டது.

தபால்காரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எண்ணூறு கடிதம் போச்சுங்க. பாதிப் பேருக்கு ஏறும், பாதிப் பேருக்கு இறங்கும். எது தப்பாப் போச்சோ அந்தப் பாதிக்கு அப்புறம் கடிதமே இல்லை. மிச்சம் நானூறை மறுபடியும் பாதியாப் பிரிச்சாரு. இப்படியே ஆறு வாரம். கடைசில பன்னெண்டு பேருக்கு எல்லாமே சரியா வந்தே தீரணும். வராமத் தப்பவே முடியாது. என் சைக்கிள் மணி எழுதியிருந்தாலும் வந்திருக்கும். அவருக்குச் சந்தை மூச்சு கேக்கலை. ரெண்டு பக்கமும் எழுதிப் போட்டாரு, அவ்வளவுதான்."

நாளைக்காரர் மடிக்கணினியை மூடினார். பின்கதவுப் பக்கம் போனபோது, அங்கே பல் மருத்துவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காவலர்கள் வந்து ஆளையும், மேசைமேல் இருந்த ஒப்பந்தப் படிவங்களையும் அள்ளிக்கொண்டு போக ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த மாதத்துக்கும் இதே மண்டபத்தைப் பிடித்து வைத்திருந்தாராம், பாவம்.

அண்ணன் பலகைமுன் நின்றுகொண்டே இருந்தார். இடது பக்கம், வலது பக்கம் என்று மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப என்னைத் தேர்ந்தெடுத்து எழுதலையா?"

தபால்காரிக்கு ஜெயித்த சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை. "இல்லண்ணா. வடிகட்டினதுல நீ மிஞ்சிட்டே. வேற யாராவது மிஞ்சியிருந்தா அவங்க வீடு போயிருக்கும்."

அண்ணன் வீட்டுக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "உன் அறையைக் கேட்டதுக்கு என்னை மன்னிச்சுடும்மா," என்றார். முப்பது வருடத்தில் அவர் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். அங்கே இருபது முப்பது பேர் வழி மறித்து நின்றார்கள். முன்னால் அழகு நிலையத்து அம்மாள். எல்லார் முகத்திலும் ஒரு புதிய பக்தி.

"அவனோட தந்திரத்தையே கண்டுபிடிச்சிட்டியே, நீ சாமான்யப்பட்டவ இல்லை," என்றாள் அம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கு மட்டும் சொல்லு. அடுத்த வாரம் ஏறுமா, இறங்குமா?"

"தெரியாது," என்றாள் தபால்காரி.

"சும்மா சொல்லு. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டோம்."

"எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாதும்மா. தெரியாதுன்னு தெரிஞ்சுகிட்டு, போனா தாங்கற அளவுக்குப் போடுங்க. கூரையைக் கழட்டிப் போடாதீங்க."

அந்த மண்டபத்தில் இரண்டு ஞாயிறாகப் பேசியதில் நூற்றுக்கு நூறு சரியான கணிப்பு அது ஒன்றுதான். இலவசமாகவும் கிடைத்தது. கூட்டம் என்ன செய்தது தெரியுமா? ஏமாந்த முகத்தோடு கலைந்து போனது. பொய் சொன்னவனுக்கு வீட்டை எழுதிக் கொடுக்க வரிசையில் நின்றவர்கள், உண்மை சொன்னவள் பேச்சை நின்று கேட்க ஒரு நிமிடம் இல்லை என்றார்கள். உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பச்சை உறை விழும். அப்போது உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று போய்க் கேளுங்கள். சந்தைக்குக் காது கிடையாது. மூளை உங்களுக்கு இருக்கிறது. அதை வாடகைக்கு விடாதீர்கள்.